மசூரெக் குடும்பத்துக்கு டிக்கெட் கிடையாது

பஃபலோ ஸ்டீமர்ஸ் பேஸ்பால் அணிக்குக் குளிர்காலத்தில் ஆள் பிடித்துக் கொடுப்பது பெர்னிஸ் கல்ஹேனின் வேலை. நரகத்தில் மனை விற்பது இதைவிடச் சுலபம் என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். நரகத்தில் குளிராவது இருக்காது.

ஆட்ட காலம் முடிந்து, ஒப்பந்தமும் முடிந்து, இனி எந்த ஊருக்கும் போகலாம் என்று கையை வீசிக்கொண்டு நிற்கும் ஆட்டக்காரர்கள் வருடத்துக்கு நூறு பேராவது தேறுவார்கள். அந்த நூறு பேரில் ஒருவன்கூடப் பஃபலோ இருக்கும் திசையில் தலைவைத்துப் படுப்பதில்லை. ஒருவனுக்கு டிசம்பர் மாதத்திலும் கோல்ஃப் ஆட வேண்டும். இன்னொருவன் மனைவிக்குக் கடல் காற்றுதான் ஒத்துக்கொள்ளும், ஏரிக் காற்று ஆகாது. டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் மாநில வருமான வரி கிடையாது என்பதைப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டவன்கூடத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். ஜப்பானிலிருந்து வருகிறவர்கள் மேற்குக் கரையில் இறங்கிய கையோடு அங்கேயே பெட்டியைத் திறந்து துணியை அடுக்கிவிடுவார்கள். டொமினிக்கன் நாட்டிலிருந்து ஒருவன், பாவம், ஊரைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று போன நவம்பரில் நேரிலேயே வந்தான். விமான நிலையக் கதவு திறந்தது. அது மூடுவதற்குள் அவன் திரும்பி நடந்துவிட்டான். அவனுக்காக வாங்கி வைத்த பூங்கொத்தைப் பெர்னிஸ் டாக்ஸிக்காரரிடம் கொடுத்தாள்.

பஃபலோ என்றால் எருமை. ஊர்க்காரர்களுக்குப் பனியும் தோல்வியும் உறைக்காததற்கு இதைத் தாண்டிக் காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் வெளியூர்க்காரர்களுக்கு அந்தத் தோல் வாய்க்கவில்லையே.

அணியின் முதலாளி விட்ஃபோர்ட் பெல், பனி தள்ளும் இயந்திரம் செய்து விற்றுப் பெரிய ஆள் ஆனவர். அந்தப் பனியை அவர் கண்ணால் கண்டு வருடங்கள் பதினான்கு ஆகின்றன. நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஃபுளோரிடாவில் நீச்சல் குளத்தங்கரையில் கிடப்பார். அங்கே கிடந்தபடியே, ஏன் யாரும் பஃபலோவுக்கு வர மாட்டேன் என்கிறார்கள் என்று போனில் ஆச்சரியப்படுவார்.

"சாம்பியன்," என்றார் அந்த வருடம். எல்லோரும் அவருக்குச் சாம்பியன்தான். பெயர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. "மூணு வருஷமா நீ யாரக் கொண்டுவந்த? முட்டி போனவன் ஒருத்தன். கண்ணு போனவன் ஒருத்தன்."

"கண்ணு போகல சார். கண்ணாடி போட்டா நல்லாத்தான் பாக்குறான்."

"அதெல்லாம் எனக்கு வேணாம். லூக் மசூரெக் இந்த வருஷம் ஃப்ரீயா இருக்கான். நம்ம ஊர்ப் பையன். இடக்கையால பந்து போடுற பிட்சர். அவனக்கூட உன்னால கொண்டுவர முடியலன்னா, பிரெஸ்டன் உன் நாற்காலில உக்காரட்டும். சரியா?"

பிரெஸ்டன் என்பவன் பெல்லின் மருமகன். பேஸ்பாலைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஹாட் டாக் எந்தக் கடையில் சூடாக இருக்கும் என்பதுதான். பெர்னிஸ் பதினொரு வருடம் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்து, அப்புறம் பதினைந்து வருடம் ஒவ்வொரு மேசையாக ஏறி இந்த நாற்காலிக்கு வந்தவள். வயது ஐம்பத்து மூன்று. வேறு வேலை எதுவும் அவளுக்குத் தெரியாது; தெரிந்தாலும் பிடிக்காது.

ஆனாலும் அவள் கவலைப்படவில்லை. சொந்த ஊர் என்ற தூண்டிலைக் கடிக்காத மீன் கிடையாது என்பது இந்தத் தொழிலில் இருக்கும் அத்தனை பேருடைய நம்பிக்கை. வெயில், வரி, கோல்ஃப் எல்லாம் ஒரு தட்டில், அம்மா கைச் சமையல் இன்னொரு தட்டில். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

அன்று மாலையே பக்கத்து ஊரான சீக்டவாகாவுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு லூக்கின் அம்மா ஹலீனா வீட்டுக்குப் போனாள். ஹலீனா குட்டையான, அகலமான பெண்மணி; அவள் அடுப்படியில் யாரும் சாப்பிடாமல் எழுந்ததில்லை. பெர்னிஸ் கொழுக்கட்டை மாதிரியான போலந்துப் பலகாரம் பியரோகியில் ஒன்றை ருசி பார்க்கலாம் என்று உட்கார்ந்து, உருளைக்கிழங்கும் சீஸும் வைத்தது ஒரு தட்டு, முட்டைக்கோஸ் வைத்தது ஒரு தட்டு என்று இரண்டு தட்டு தின்றுவிட்டுத்தான் எழுந்தாள். ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு திரும்பி வந்து வீடியோ எடுத்தாள். முதலில் சர்ச் ஃபாதர். அடுத்து பள்ளிக்கூடக் கோச். கடைசியில் ஹலீனாவின் ஹாலில் நாற்பது மசூரெக்குகள், ஒருவர் தோளுக்கு மேல் இன்னொருவர் தலை தெரிய, "வீட்டுக்கு வா லூக்கி!" என்று கூவினார்கள். நடுவில் லூக்கின் மாமா ஸ்டாஸ் தொப்பையைத் தள்ளிக்கொண்டு நின்று, "வருஷத்துக்கு எண்பத்தோரு ஆட்டம்டா நம்ம ஊர்ல! எண்பத்தொண்ணுக்கும் நான் வந்து நிப்பேன்!" என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். பெர்னிஸுக்கே கண் கலங்கிவிட்டது.

டிசம்பர் முதல் வாரம், அணிக்காரர்களும் ஏஜென்டுகளும் மொத்தமாகக் கூடும் குளிர்காலச் சந்தை சான் டியாகோவில் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது. குளிர்காலச் சந்தை என்று பெயர் வைத்துவிட்டு வெயிலில் நடத்துவதில் ஒரு நியாயமும் இல்லை. பெர்னிஸ் ஒரு கையில் கம்பளிக் கோட்டும் மறு கையில் பியரோகி அடைத்த ஐஸ் பெட்டியுமாக வந்து இறங்கினாள். லாபியில் அரைக்கால் சட்டையோடு நின்ற ஏஜென்டுகள் அவளைப் பார்த்து, "என்ன பெர்னிஸ், இந்த வருஷம் யாரக் கடத்தப் போற?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

லூக் மசூரெக் ஆறடி நான்கு அங்குலம். அவன் பந்தை எதிர்கொள்ளப் பெரிய பெரிய ஆட்களே கால் மாற்றி நிற்பார்கள். அவனுடைய ஏஜென்ட் ஆல்டன் க்ரீவ், ஹோட்டல் அறையில் பேச்சைத் தொடங்கினான். "லூக்குக்கு மேற்குக் கரைதான். வெயில் உடம்புக்கு நல்லது. முக்கியமா ஃபேமிலி விஷயம்."

"ஃபேமிலி விஷயம்தான் நானும் பேச வந்தேன்," என்று பெர்னிஸ் வீடியோவைப் போட்டாள்.

ஃபாதர் வந்தார். லூக் மரியாதையாகத் தலையாட்டினான். கோச் வந்தார். லூக் புன்னகைத்தான். நாற்பது மசூரெக்குகள் திரையை அடைத்துக்கொண்டு வந்ததும் அவன் முகம் மைதா மாவு நிறத்துக்குப் போனது. ஸ்டாஸ் எண்பத்தொன்று என்று சொல்லி முடிப்பதற்குள் அவன் எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"உணர்ச்சிவசப்பட்டுட்டான்," என்றாள் பெர்னிஸ் பெருமையோடு.

"வாந்தி வந்துருச்சுன்னு நினைக்கிறேன்," என்றான் க்ரீவ்.

தன் நாற்காலி பிரெஸ்டனை நோக்கி நகர்வதைப் பெர்னிஸ் உணர்ந்தாள். எழுந்து பால்கனிக்குப் போனாள். லூக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"என்னாச்சு? சொல்லுங்க."

"சொன்னா சிரிப்பீங்க."

"நான் ஸ்டீமர்ஸ்ல இருபத்தாறு வருஷமா இருக்கேன். எனக்குச் சிரிப்பெல்லாம் எப்பவோ வத்திப்போச்சு."

லூக் கடலைப் பார்த்தபடி பேசினான். "வருஷத்துக்கு ஒரு தடவ பஃபலோவுக்கு ஆட வர்றேன். மூணே நாள். போன ஜூன்ல எத்தன டிக்கெட் கேட்டாங்க தெரியுமா? நூத்துப் பன்னெண்டு. குடும்பத்துக்குன்னு கிளப் கொடுக்கறது ஆறு. மிச்சம் நான் வாங்கணும். வாங்கினேன். அதுகூடப் பரவால்ல. ஒரு அத்தை தன் பல் டாக்டரக் கூட்டிட்டு வந்தாங்க. பல் டாக்டர் அவரோட அக்காவக் கூட்டிட்டு வந்தாரு. அந்த அக்கா, சீட்ல வெயில் அடிக்குதுன்னு எனக்கு லெட்டர் போட்டாங்க. எனக்கு! ஸ்டாஸ் மாமாவுக்குத் தூணுக்குப் பின்னாடி சீட் விழுந்துருச்சு. நான் பந்து போட நிக்கிறேன், முழு ஸ்டேடியமும் கேக்குற மாதிரி, 'லூக்கி! தூணு தெரியுதுடா, நீ தெரியலடா!'ன்னு கத்துறாரு. அடுத்த பந்த எதிர்ல நின்னவன் அடிச்ச அடில அது கார் நிறுத்துற இடத்துல போய் விழுந்துச்சு."

சிரிப்பு வற்றவில்லை என்பது பெர்னிஸுக்குத் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். "முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"யார்கிட்ட? எங்கம்மாகிட்டயா? லிஸ்ட் அவங்க கையெழுத்துல வரும். 'கொடுக்கலன்னா நான் சர்ச்ல எப்படிடா மூஞ்சியக் காட்டுவேன்'னு கேப்பாங்க. நீங்க எங்கம்மாவப் பாத்தீங்கல்ல? அவங்ககிட்ட வேணாம்னு சொல்ல முடிஞ்சுதா உங்களால?"

பெர்னிஸுக்கு இரண்டு தட்டு பியரோகி ஞாபகம் வந்தது. பிறகு கேட்டாள். "அப்ப வெயில், உடம்புக்கு நல்லதுன்னு க்ரீவ் சொன்னதெல்லாம்?"

"வெயில்ல எனக்குத் தோல் உரியுது, பாருங்க." கழுத்தைக் காட்டினான். உண்மையிலேயே வெங்காயம் உரித்த மாதிரி இருந்தது. "எனக்குப் பனி பிடிக்கும். ஏரி பிடிக்கும். மேப்ப விரிச்சு, சீக்டவாகாலேருந்து ஸ்கேல வெச்சு அளந்தேன். மேற்குக் கரைதான் ரொம்ப தூரம். அதான் ஆறு வருஷம் சான் ஃபிரான்சிஸ்கோல இருந்தேன். எங்க ஆளுங்களுக்கு ஏரோப்ளேன்னா பயம். ஹவாய்ல ஒரு டீம் இருந்தா ஓசிலகூட ஆடுவேன். மூணு நாளுக்கே நூத்துப் பன்னெண்டுன்னா, எண்பத்தோரு நாளுக்கு எவ்ளோ? நான் பந்து போடாத நாளுக்கும் கேப்பாங்க."

பெர்னிஸ் கம்பியில் சாய்ந்து யோசித்தாள். சொந்த ஊர் என்ற தூண்டிலை இத்தனை வருடம் எத்தனை பேர் முன்னால் ஆட்டியிருக்கிறோம், எத்தனை பேர் உள்ளுக்குள் இப்படி மாவாகிப் போனார்களோ என்று நினைத்ததும் வெட்கமாக இருந்தது. அதோடு இன்னொன்றும் தோன்றியது. டிக்கெட் ஜன்னலில் பதினொரு வருடம் உட்கார்ந்து அவள் கற்றது ஒரே வித்தை. 'கிடையாது' என்று சொல்வது. பிஷப்புக்குச் சொல்லியிருக்கிறாள். மேயருக்குச் சொல்லியிருக்கிறாள். அப்போதைய கணவனுக்கும் சொல்லியிருக்கிறாள்; அவன் முன்னாள் கணவன் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

"லூக், உங்களால முடியாது. என்னால முடியும்," என்றாள். "ஒப்பந்தத்துலயே எழுதிருவோம். மசூரெக் குடும்பத்துல யாருக்கும் நீங்க டிக்கெட் கொடுக்கக் கூடாது, வாங்கியும் தரக் கூடாது. கேட்டா என்கிட்ட அனுப்பணும். அம்மா கேட்டா, 'நான் என்னம்மா பண்றது, அந்தப் பொம்பள விட மாட்டேங்குறா'ன்னு சொல்லுங்க. என்னைத் திட்டட்டும்."

லூக் முதல்முறையாக அவளைத் திரும்பிப் பார்த்தான். "நீங்க எங்க சர்ச்தானே?"

"ஞாயித்துக்கிழமைதோறும். மூணாவது வரிசை."

"உங்கள உண்டு இல்லன்னு பண்ணிருவாங்க."

"தெரியும்."

க்ரீவ் இருபது வருடமாக ஏஜென்ட். ஓட்டலில் தனி மாடி, மனைவிக்குக் குதிரை, நாய்க்கு விமான டிக்கெட் என்று என்னென்னவோ ஷரத்து எழுதியவன், இதை எழுதும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். லூக் ஒன்றில் பிடிவாதமாக நின்றான். கிளப்பில் யாரோ ஒருவர் என்று போடக் கூடாது, பெர்னிஸ் கல்ஹேன் என்று பெயர் போட வேண்டும். மரியாதை தெரிந்த யாராவது அந்த நாற்காலிக்கு வந்தால் அம்மா இரண்டே நாளில் அவரை வழிக்குக் கொண்டுவந்துவிடுவாள். ஆகவே பெர்னிஸை வேலையிலிருந்து எடுத்தால் லூக்கும் அந்த வருடக் கடைசியில் கிளம்பிவிடலாம். ஆனால் பெர்னிஸ் மனமிளகி ஒரே ஒரு டிக்கெட் கொடுத்தாலும் அவளுக்கான அந்தக் காவல் போய்விடும்.

"நீங்க இளகிறக் கூடாதுல்ல, அதான்," என்றான் லூக்.

பெல் நீச்சல் குளத்தங்கரையில் இருந்தபடி கையெழுத்துப் போட்டார். அவர் எப்போதும் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்தான் படிப்பார். ஜனவரியில் ஒரே ஒரு நாள் பஃபலோவுக்கு வந்து, லூக்குக்குச் சட்டை மாட்டிவிட்டு, கேமராவுக்குப் பல்லைக் காட்டிவிட்டு, மூக்கு சிவந்து திரும்பிப் போனார். மறுவாரம் போன் வந்தது.

"சாம்பியன், பிரமாதம். பிட்சர் வந்தாச்சு. இனிமே பிரெஸ்டன் பாத்துப்பான். உனக்கு ஒரு நல்ல விருந்து கொடுத்து அனுப்பறோம்."

பெர்னிஸ் மேசை இழுப்பறையிலிருந்து ஒப்பந்த நகலை எடுத்துப் பிரித்தாள். "சார், நாப்பத்தொண்ணாம் பக்கம் கொஞ்சம் படிச்சுப் பாக்குறீங்களா?"

வெகு நேரம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பின்னணியில் யாரோ குளத்தில் குதித்தார்கள். 

"இதென்ன கூத்து?" என்றார் பெல். அப்புறம் இன்னும் கொஞ்சம் படித்தார். அவர் குரலில் தேன் வந்து சேர்ந்தது. "ஒரே ஒரு டிக்கெட் கொடுத்தாலும் போச்சா? அப்படியா போட்டிருக்கு? சரி சரி, சாம்பியன். நீ பாத்துக்கோ."

பெல் என்ன செய்தார் என்பது ஏப்ரலில் தெரிந்தது. சீக்டவாகாவில் ஒரு மசூரெக் விடாமல் அவர் போன் செய்திருந்தார். உங்கள் பையன் முதல் ஆட்டம், நேரில் போய்க் கேளுங்கள், பெர்னிஸ் நம்ம பெண்தானே, கொடுக்காமலா போய்விடுவாள் என்று உருகியிருந்தார். முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், காலை பத்து மணிக்கு, பெர்னிஸ் அறைக்கு வெளியே நடைபாதை முழுக்க மசூரெக்குகள். கோட்டில் ஏப்ரல் பனி உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஹலீனா. பின்னால் ஸ்டாஸ். பல் டாக்டரும் அவருடைய அக்காவும்கூட வந்திருந்தார்கள். காபி இயந்திரத்தில் சாய்ந்து நின்ற பிரெஸ்டன் போனைத் தூக்கிப் படம் பிடிக்கத் தயாராக இருந்தான்.

பெர்னிஸ் கதவைத் திறந்தாள். முன்னால் நின்ற முகங்களில் பாதி அவளோடு பள்ளிக்கூடம் போனவை. அவள் அம்மாவைப் புதைத்த அன்று சமைத்துக்கொண்டு வந்து கொடுத்தவை. பிஷப்புக்குச் சொன்னது வேறு. இவர்களுக்கு இன்று 'கிடையாது' என்றால் இனி அந்த மூன்றாவது வரிசையில் அவள் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் இருக்காது. ஒரே ஒரு டிக்கெட், அம்மாவுக்கு மட்டும், யார் தப்பு சொல்லப் போகிறார்கள் என்று மனம் கெஞ்சியது. பிரெஸ்டனின் போன் அவள் முகத்துக்கு நேராக நின்றது.

"எனக்கு ஒண்ணாவது கொடு, பெர்னிஸ்," என்றாள் ஹலீனா. "பெத்தவ நான்."

"கிடையாது, மிஸஸ் மசூரெக்." தரையைப் பார்த்து முணுமுணுத்தாள். பின்னால் நின்ற யாருக்கும் கேட்டிருக்காது.

ஹலீனா ஒரு எட்டு முன்னால் வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று பெர்னிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். ஹலீனா அவள் தோளைப் பற்றி இழுத்து, காதோரம் வாயை வைத்தாள்.

"சத்தமாச் சொல்லு, சனியனே. ஸ்டாஸுக்குக் காது மந்தம்."

பெர்னிஸ் கண்ணைத் திறந்தாள்.

"அவன் ஸ்கூல்ல ஆடின நாள்லேருந்து பதினாறு வருஷமா இவங்களுக்கு லிஸ்ட் எழுதுறேன்," என்று ஹலீனா வேகவேகமாகக் கிசுகிசுத்தாள். "யாருக்கு எந்த சீட்டு, யாரு யாரோட பேச மாட்டா, அதப் பாக்கவே எனக்கு நேரம் சரியாப் போகும். எம் புள்ள பந்து போட்டு ஒரு தடவகூட நான் பாத்ததில்ல. காசு கொடுத்து எனக்கு ஒண்ணு வாங்கிட்டேன், மேல் வரிசைல. அங்க என்னை யாருக்கும் தெரியாது. எனக்கே இல்லன்னு நீ சொன்னாத்தான் இவங்க என்னை விடுவாங்க. சொல்லு. நான் அழறேன்."

சொன்னபடி அழ ஆரம்பித்தாள்.

"கிடையாது!" என்றாள் பெர்னிஸ். பதினொரு வருடக் குரல் அப்படியே திரும்பி வந்தது; காபி இயந்திரத்தின் மேலிருந்த கோப்பைகள் அதிர்ந்தன. "பெத்தவளுக்கும் கிடையாது! யாருக்கும் கிடையாது! போங்க!"

"கேட்டீங்களா?" என்று ஹலீனா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி ஒப்பாரி வைத்தாள். "பெத்த வயிறு எரியுது! எனக்கே இல்லையாம்! நான் எங்கேருந்துடா உங்களுக்கு வாங்கித் தருவேன்?"

ஸ்டாஸ் தொப்பியைக் கழற்றினார். கல் நெஞ்சக்காரி என்று யாரோ சொன்னார்கள். பல் டாக்டரின் அக்கா, லெட்டர் போடப் போவதாகச் சொன்னாள். ஆளுக்கு ஒரு கையாக ஹலீனாவைத் தாங்கிப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டிப்போனார்கள். அவள் அழுகை கீழ் வாசல் வரைக்கும் கேட்டது.

பிரெஸ்டன் போனில் மாமனாரைக் கூப்பிட்டான். "கொடுக்கல," என்றான்.

"ஒண்ணு கூடவா?" என்ற பெல்லின் குரல் நடைபாதை முழுக்கக் கேட்டது.

"ஒண்ணு கூட," என்றாள் பெர்னிஸ், பிரெஸ்டனின் கையிலிருந்த போனைப் பார்த்து. பிறகு அறைக்குள் போய், கதவைத் தாழ்ப்பாள் போட்டு, தன் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தாள்.